பாதாளக் கரண்டி செய்த அனுபவம்: தண்டையார்பேட்டைக் கிணறும் சுற்றுவட்டாரக் கொக்கிகளும்

கிணற்றில் விழுந்த வாளியையோ குடத்தையோ மேலே எடுக்கும் இரும்புக் கருவிக்குப் பாதாளக் கரண்டி என்று பெயர். சில ஊர்களில் பாதாளக் கொலுசு என்பார்கள். ஒரு இரும்பு வளையம், அதிலிருந்து தொங்கும் சில கொக்கிகள், மேலே ஒரு கயிறு, அவ்வளவுதான் அதன் உடம்பு. கிணறு புழக்கத்தில் இருந்த காலத்தில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது இது இருந்தது. எங்கள் தண்டையார்பேட்டைக் காம்பவுண்டிலும் ஒன்று இருந்தது. துருவேறிப் போய், தட்டினால் செதில் செதிலாக உதிரும் நிலையில் மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. கிணற்றுக்குள் ஒரு எவர்சில்வர் வாளியும் ஒரு பித்தளைக் குடமும் கிடந்தன. ஆகவே புதிதாக ஒன்று செய்தேன். எந்தக் கம்பி, எந்த வளைவு, ஏன் அந்த அளவு என்பதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். கிணறு இருக்கிற வீட்டுக்காரர்கள் தாங்களே செய்துகொள்ளலாம்.

எங்களுடையது உறைக்கிணறு. சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கியது, மூன்றடி விட்டம். கைப்பிடிச் சுவரிலிருந்து தண்ணீர் மட்டம் வரை 14 அடி, அதன் கீழ் 6 அடித் தண்ணீர், அடியில் மணலும் கொஞ்சம் சேறும். குடிக்க மெட்ரோ வாட்டர். துணி துவைக்க, பாத்திரம் கழுவ, வாசல் தெளிக்கக் கிணற்றுத் தண்ணீர்.

ஆளை இறக்கி எடுத்துவிடலாமே என்று முதலில் எல்லோரும் சொல்வார்கள். தயவு செய்து வேண்டாம். மூடிக் கிடந்த குறுகலான கிணற்றில் ஆக்ஸிஜன் குறைந்திருக்கும், விஷவாயு தங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் எல்லா நேரமும் தெரிந்துவிடாது. உள்ளே மயங்கியவரைக் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து இறந்துபோன செய்திகளைப் பேப்பரில் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம். ஒரு வாளிக்காக யாரும் கிணற்றில் இறங்கக் கூடாது.

அடுத்தது காந்தம். பழைய ஸ்பீக்கரில் இருக்கும் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இறக்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. இரும்புச் சாவிக்கும் ஸ்பேனருக்கும் அது நன்றாகவே உதவும். ஆனால் வீட்டில் புழங்கும் எவர்சில்வர் பாத்திரங்களில் பெரும்பாலானவை காந்தத்தில் ஒட்டாது, ஒட்டினாலும் பிடிப்பு போதாது. பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது, அது ஒட்டவே ஒட்டாது. பிளாஸ்டிக் வாளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடைசியில் கொக்கிதான் வழி.

சரி, எப்படிப்பட்ட கொக்கி? வட சென்னையில் இருப்பதில் ஒரு பெரிய வசதி, கொக்கியை வைத்துப் பிழைக்கிறவர்கள் அத்தனை வகையிலும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். காசிமேட்டில் மீன், துறைமுகத்தில் கிரேன், புளியந்தோப்பில் ஆடு அறுக்கும் ஆடுதொட்டி, பெரம்பூரில் ரயில் பட்டறை, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தையல், சௌகார்பேட்டையில் நகை. ஒவ்வொரு தொழிலும் தன் கொக்கிக்குத் தனி வடிவமும் தனிப் பெயரும் வைத்திருக்கிறது. இரும்பை வெட்டுவதற்கு முன் இவற்றை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அதுதான் இந்த வேலையிலேயே பயனுள்ள பகுதியாக அமைந்தது.

முதலில் காசிமேடு. வலைக்கடையில் போய்க் கொக்கி என்று கேட்டால் என்ன வேண்டும் என்று திருப்பிக் கேட்பார்கள். அங்கே அதன் பெயர் முள். தூண்டில் என்பது நரம்பு எனப்படும் இழை, ஈயக்குண்டு, முள் எல்லாம் சேர்ந்த முழுக் கருவி. முள்ளின் அளவு எண்ணிலும் ஒரு முறை இருக்கிறது, புதிதாக வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. வெறும் எண்ணாக இருந்தால் எண் ஏற ஏற முள் சின்னதாகும். 10 என்பது 6-ஐவிடச் சின்னது, 6 என்பது 1-ஐவிடச் சின்னது. அதற்கு மேல் பெரிய முட்களுக்கு எண்ணோடு ஒரு சுழியம் சேர்த்து 1/0, 2/0, 5/0 என்று போடுவார்கள். அங்கே எண் ஏற ஏறப் பெரிசு. சூரை மீனுக்குப் போகும் படகுகளுக்கான முள் உள்ளங்கையில் வைத்தால் பாதி உள்ளங்கையை அடைத்துக்கொள்கிறது.

அதில் இரண்டு வடிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று, நுனி மேல்நோக்கி நேராக நிற்கும் வழக்கமான முள். மற்றது வட்ட முள், நுனி உள்பக்கமாகத் திரும்பித் தண்டைப் பார்த்து நிற்கும். முதலாவதில் மீன் கடித்ததும் வெட்டி இழுக்க வேண்டும். வட்ட முள்ளில் அந்த வேலை இல்லை, நரம்பு இறுகினால் போதும், முள் தானாகத் திரும்பி வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும். இரண்டிலும் நுனிக்குக் கொஞ்சம் கீழே பின்னோக்கிச் சீவிவிட்ட ஒரு சின்னச் சில்லு இருக்கும். மீன் துள்ளி நரம்பு தளர்ந்தாலும் முள் கழலாமல் இருப்பது அதனால்தான்.

கிணற்றுக்கு இந்தச் சில்லும் வேண்டாம், இந்தக் கூர்மையும் வேண்டாம். வாளி துள்ளாது. கூரான நுனி உறைகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் போய்க் குத்திக்கொள்ளும், கயிற்றையும் பிய்க்கும். நுனி வெளியே பார்க்க வேண்டுமா உள்ளே பார்க்க வேண்டுமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் கிடைத்துவிட்டது. தண்ணீருக்கு அடியில் கண் தெரியாமல் தேடுகிற கொக்கிக்கு வாய் அகலமாக, நுனி கொஞ்சம் வெளியே சாய்ந்து இருக்க வேண்டும். அப்போதுதான் வாளியின் கைப்பிடி அதில் பட்டு வழுக்கி உள்ளே வரும்.

அதே கரையில் ஃபைபர் போட்டுகளின் நங்கூரங்களையும் பார்த்தேன். பெரிய கப்பலின் நங்கூரம் மாதிரி வார்த்ததில்லை. நடுவில் ஒரு தண்டு, அடியில் நான்கு பக்கமும் வளைந்த கம்பிக் கைகள். பாதாளக் கரண்டிக்கு நெருங்கிய உறவு என்று பார்த்தவுடனேயே தெரிந்துவிடும். ஒரு கை மட்டும் நிமிர்ந்திருந்த நங்கூரத்தை ஒரு அண்ணன் காலால் மிதித்துச் சுத்தியால் மறுபடி வளைத்துக்கொண்டிருந்தார். இன்னும் தடிமனான கம்பி போட்டால் நிமிராதே என்று கேட்டேன். "பாறைல மாட்டிக்கினா கை நிமிந்து வந்துடணும் தம்பி. நிமிரலைன்னா கயித்தை அறுத்துட்டு வெறுங்கையோட வரணும்" என்றார். பாரம் தாங்கவும் வேண்டும், மாட்டிக்கொண்டால் விட்டுக்கொடுக்கவும் வேண்டும். 10 மில்லிமீட்டர் (சுருக்கமாக மில்லி) கம்பி போடலாமா என்று இருந்த எண்ணத்தை அங்கேயே மாற்றி 8 மில்லிக்கு வந்தேன். 15 லிட்டர் வாளி நிறையத் தண்ணீரோடு வந்தாலும் 15 கிலோவும் வாளியின் எடையும்தான். அதை 8 மில்லிக் கம்பி சுலபமாகத் தாங்கும். உறையின் இடுக்கில் சிக்கி இரண்டு பேர் சேர்ந்து இழுத்தால் கொக்கி விரிந்து வெளியே வரும், உறையைப் பெயர்க்காது.

ஆட்டிறைச்சிக் கடையில் தொங்குவது எஸ் கொக்கி. அடுப்படியில் கரண்டி மாட்டுவதும் அதுவே, கழுத்துச் சங்கிலியின் இரண்டு முனையையும் சேர்க்கும் சின்னத் தங்கத் துணுக்கும் அதே பெயர்தான். பாரம் தொங்கிக்கொண்டே இருக்கும்வரை இது உறுதியானது, பாரத்தைத் தூக்கிப் பிடித்தால் கழன்றுவிடும். அதனால்தான் நகைக்காரர்கள் எஸ் கொக்கியின் ஒரு வாயை நன்றாக நெருக்கி அடைத்துவிடுகிறார்கள். ஊஞ்சலுக்கும் தூளிக்கும் திறந்த வாய்க் கொக்கியைப் போடக் கூடாது என்பதற்கும் இதே காரணம்தான். குழந்தையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் தூளியின் பாரம் விட்டுவிட்டுத்தானே ஏறுகிறது? அங்கே மூடிய வளையம் வேண்டும்.

தையல்காரர்களின் ஹூக், வெளிக்கதவின் கொண்டி, அது போய் விழும் நாதாங்கி, புடவையில் குத்தும் ஊக்கு, முருங்கைக்காய் பறிக்கும் துறட்டி, இவையும் கொக்கிக் குடும்பம்தான். கிணற்று வேலைக்கு இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள அதிகம் இல்லை. துறட்டியின் நீண்ட கோலை மட்டும் சொல்ல வேண்டும். ஏழெட்டு அடி ஆழத்துக்குள் இருக்கும் தொட்டி, சம்ப் போன்றவற்றில் விழுந்ததை எடுக்கக் கயிறே வேண்டாம், துறட்டிக் கோலில் கொக்கியைக் கட்டினால் போதும். கை சொன்ன பக்கம் போகும்.

மூட்டை தூக்குகிறவர்கள் வைத்திருக்கும் கைக்கொக்கி இன்னொரு வகை. குறுக்கே மரப்பிடி, அதன் நடுவிலிருந்து விரல்களுக்கு இடையே வெளியே வரும் கூரான கொக்கி. சாக்கு மூட்டைக் காலத்துக் கருவி. சணல் சாக்கில் குத்தி எடுத்தால் இழை விலகிப் பழையபடி சேர்ந்துகொள்ளும். பிளாஸ்டிக் நார் சாக்கில் குத்தினால் கிழிந்துகொண்டே போகும். சிமென்ட், உர மூட்டைகளில் கொக்கிப் படம் போட்டு அதன் மேல் குறுக்குக் கோடு அடித்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கொக்கி போடாதே என்று அதற்குப் பொருள்.

இனி கிரேன். இதைச் சொல்லித் தந்தவர் எங்கள் காம்பவுண்டிலேயே குடியிருக்கும் மாமா, பெரம்பூர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய கரண்டியை நான் கையில் எடுத்துக்கொண்டு போனதும் அதிலிருந்து ஒரு கொக்கியைக் கழற்றி, அதன் காதில், அதாவது மேல்முனை வளையத்தில், ஒரு நூலைக் கோத்து ஆணியில் தொங்கவிட்டார். அப்புறம் கொக்கியின் வளைவில் ஒரு பெரிய நட்டைக் கோத்துவிட்டார். தண்டு சாய்ந்தது. "பாத்தியா? காது ஒரு பக்கம், பாரம் ஒரு பக்கம். கொக்கி தூக்குறது நுனியால இல்ல, அடியால. காதோட நடுவும் வளைவோட அடியும் ஒரே நூல்ல நிக்கணும்" என்றார்.

இந்த ஒரு விஷயம்தான் நல்ல கொக்கியையும் மோசமான கொக்கியையும் பிரிக்கிறது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். நேரான தண்டின் அடியை ஒரு பக்கமாக மட்டும் வளைத்தால் வளைவின் நடு, தண்டிலிருந்து பாதி வாய் அகலத்துக்கு விலகி நிற்கும். பாரம் ஏறும்போது கொக்கி சாயும், வாய் சரிந்து பாரம் நுனிப் பக்கம் நகரும். கிரேன் கொக்கியைப் பக்கவாட்டில் பாருங்கள்: மேலே உள்ள காதின் நடுவிலிருந்து குண்டு நூல் விட்டால் அது வளைவின் மிக ஆழமான இடத்தில் போய் நிற்கும். தண்டு அதற்காகவே முதுகுப் பக்கம் ஒதுங்கி வருகிறது. அந்த முதுகுப் பக்கத்தில்தான் உலோகமும் மிகத் தடிமனாக இருக்கும். வாயில் ஒரு சின்னத் தாழ் இருக்கும், கயிறு தளர்ந்தால் வெளியே வராமல் தடுக்க. தேய்மானத்துக்கும் கணக்கு உண்டு: முதலில் இருந்த தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தேய்ந்தால் அந்தக் கொக்கியைக் கழற்றிப் போட்டுவிட வேண்டும். நுனியில் பாரம் ஏற்றவே கூடாது என்பது மாமா அடித்துச் சொன்ன விதி. நுனியில் ஏற்றினால் அது நெம்புகோலாகி வாயைத் திறந்துவிடும்.

வடிவம் முடிவானது. வாளிக்காக 8 மில்லிக் கம்பியில் நான்கு பெரிய கொக்கி, குடத்துக்காக 6 மில்லிக் கம்பியில் மூன்று சின்னக் கொக்கி, எல்லாவற்றையும் தாங்க 12 மில்லிக் கம்பியில் ஒரு வளையம்.

குடத்துக்கு ஏன் தனி? வாளிக்குக் கைப்பிடி இருக்கிறது, பெரிய வாய் அதைத் தேடிப் பிடிக்கும். குடத்தில் பிடிக்க இருப்பது கழுத்தும் விளிம்பும்தான். அது மணலில் சாய்ந்து வாய் பாதி புதைந்து கிடந்தால் பெரிய கொக்கி உள்ளே நுழையாது. சின்னது நுழைந்து விளிம்பின் அடியில் மாட்டும்.

கம்பி வாங்க ஜார்ஜ் டவுன் செம்புதாஸ் தெருவுக்குப் போனேன். அங்கே முறுக்குக் கம்பி வேண்டாம், வழவழப்பான சாதா ராடு வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். வீடு கட்டும் முறுக்குக் கம்பியின் வெளித்தோலைத் தண்ணீரில் குளிரவைத்துக் கடினமாக்கியிருப்பார்கள். அதை நெருக்கமாக வளைத்தால் வெடிப்பு விழலாம். 500 ரகக் கம்பியென்றால் அதன் தடிமனைப் போல் நான்கு மடங்கு விட்டத்துக்குக் குறையாமல் வளைக்க வேண்டும். எங்கள் காதின் உள்விட்டமோ இரண்டு மடங்குதான். உலையில் காய்ச்சி வளைக்கலாம் என்றால் அந்தக் கடினத் தோலே போய்விடும். சாதா ராடுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

அளவுக் கணக்கைச் சொல்கிறேன். வளைக்க அச்சாக எடுத்தது ஒன்றேகால் இஞ்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் துண்டு. பெயர் ஒன்றேகால் என்றாலும் அதன் வெளிவிட்டம் 42 மில்லி. அதன் மேல் 8 மில்லிக் கம்பியை வளைத்தால் கம்பியின் நடுக்கோடு 50 மில்லி விட்டத்தில் போகும்; அதில் பாதி வட்டம் கிட்டத்தட்ட 79 மில்லி. 16 மில்லி போல்ட்டைச் சுற்றிக் காது, அதற்கு 75. தண்டு 120, நுனி 30. கூட்டினால் 304 மில்லி, ஆக ஒரு கொக்கிக்கு ஒரு அடி. சின்னக் கொக்கிக்கு முக்கால் இஞ்ச் பைப், அதன் வெளிவிட்டம் 27 மில்லி. தண்டு 100, நுனி 20 வைத்தால் 241 மில்லிக் கம்பி வேண்டும். வளையத்தின் உள்விட்டம் 100 மில்லி, அதற்கு 352 மில்லிக் கம்பி. எடைக்குக் கட்டட வேலைக்காரர்கள் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கே போதும்: கம்பியின் மில்லியை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். சங்கிலியையும் சேர்த்து மொத்தம் ஒன்றேகால் கிலோ வந்தது. தண்ணீருக்குள் நேராக இறங்க அது போதுமான கனம்.

8 மில்லியைப் பச்சையாகவே, அதாவது காய்ச்சாமலே வளைத்துவிடலாம். ஆனால் நுனியைத் தட்டி மெலிதாக்குவதற்கும் காதுக்கும் உலை வேண்டும், அதனால் திருவொற்றியூர் பக்கம் இன்னும் உலை மூட்டும் ஒரு பட்டறைக்குப் போனேன். துருத்திக்குப் பதில் இப்போது சின்ன மின்விசிறி காற்று ஊதுகிறது. மற்றதெல்லாம் பழையபடிதான்: பட்டடைக் கல், குறடு, சுத்தி, ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி.

கம்பியின் முனை செக்கச் சிவந்து வந்ததும் பட்டறைக்காரர் முதலில் செய்தது காது. அதை முடித்துவிட்டுத்தான் மாமா சொன்ன முக்கியமான வேலை: காதுக்குக் கொஞ்சம் கீழே தண்டை முதுகுப் பக்கம் ஒரு மென்மையான ஒடிப்பு. நான் சாக்பீஸில் தரையில் வரைந்து காட்டினேன், வளைவின் நடுவிலிருந்து மேலே ஒரு கோடு, அந்தக் கோட்டின் மேல் காதின் நடு. தண்டு 25 மில்லி பின்னுக்குப் போய் நேராக இறங்குகிறது, அப்புறம் பைப்பைச் சுற்றி வளைவு. குறடால் பிடித்துப் பைப்பின் மேல் வைத்து அழுத்தும்போது கம்பி பணிந்து சுற்றிக்கொள்வதைப் பார்க்க மனசுக்கு அத்தனை நிறைவாக இருந்தது. கடைசியாக நுனியைத் தட்டி மெலிதாக்கி, மழுங்கலாக விட்டு, கொஞ்சமே கொஞ்சம் வெளியே சாய்த்தார். சிவப்பாக இருக்கும்போது தண்ணீரில் தோய்க்க வேண்டாம், தரையிலேயே ஆறட்டும் என்று கேட்டுக்கொண்டேன். சாதா இரும்புக்குத் தண்ணீரில் தோய்ப்பதால் பெரிய கேடு இல்லை, ஆனாலும் வளைந்து விட்டுக்கொடுக்கிற கொக்கிதானே நமக்கு வேண்டும்.

எல்லாக் கொக்கிகளையும் ஆணியில் தொங்கவிட்டு நட்டைக் கோத்துப் பார்த்தேன். நட்டு காதுக்கு நேர் கீழே நின்றது, தண்டும் சாயவில்லை. ஒரு கொக்கி மட்டும் லேசாகச் சாய்ந்தது, அதை அங்கேயே தட்டிச் சரிசெய்தார். இந்தச் சோதனைக்கு நூலும் ஆணியும் போதும். வீட்டில் வாங்கி வைத்திருக்கும் எந்தக் கொக்கியையும் இப்படிப் பார்க்கலாம்.

கொக்கிகளை வளையத்தில் நேரடியாகப் பற்றவைக்கவில்லை. சங்கிலியில்தான் தொங்கவிட்டேன். பழைய கரண்டியிலும் அப்படித்தான் இருந்தது, அதில் பெரிய அனுபவம் இருக்கிறது. பற்றவைத்து விறைப்பாக நிற்கும் கொக்கிகள் அடியில் பட்டதும் வளையத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளும். கொக்கிகளின் நுனி தரைக்கு மேலேயே நிற்கும். சங்கிலியில் தொங்குபவை மணலில் படுத்துவிடும், இழுக்கும்போது படுத்தபடியே ஊர்ந்து போய்க் கவிழ்ந்து கிடக்கும் கைப்பிடிக்கு அடியிலும் நுழையும். சிலவற்றுக்கு இரண்டு கண்ணி, சிலவற்றுக்கு ஐந்து கண்ணி என்று நீளத்தை மாற்றினேன். எல்லாம் ஒரே நீளமாக இருந்தால் கொத்தாகச் சேர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். காதுகளையும் வளையத்தையும் எங்கள் தெருமுனை கிரில் பட்டறையில் வெல்டு வைத்து மூடியாயிற்று. மூடாத காது, பாரத்தில் விரியும்.

பெயிண்ட் அடிக்கவில்லை. மணலில் உரசி ஒரே நாளில் உரிந்து தண்ணீரில் கலக்கும். அதற்குப் பதில் மாமா சொன்னபடி அடுப்பில் சூடாக்கி, சிவக்காத அளவில், துணியால் எண்ணெய் தடவினோம். புகைந்து புகைந்து எண்ணெய் இரும்பில் கருப்பாகப் படிந்துவிடும். இதை வெளியில் வைத்துச் செய்ய வேண்டும், புகை அதிகம்.

கயிறு விஷயத்தில் காசிமேட்டு வலைக்கடைக்காரரின் யோசனைதான் சரியாக இருந்தது. நைலான் தண்ணீரில் மூழ்கும், இழுத்தால் நீளும். பிபி (பாலிப்ரொப்பிலீன்) கயிறு மிதக்கும். மிதக்கும் கயிறு நமக்கு எதற்கு என்று தோன்றலாம். கரண்டி தன் கனத்தால் கீழே போய்விடும். தளர்ந்த கயிறு மட்டும் மேலே மிதந்து நிற்கும். மூழ்கும் கயிறாக இருந்தால் அடியில் சுருண்டு கிடந்து கொக்கிகள் அதையே பிடித்துக்கொள்ளும். 8 மில்லி பிபி கயிறு வாங்கினேன். கயிற்றுக்கும் வளையத்துக்கும் நடுவே டி வடிவப் பூட்டு வளையமான ஒரு டி ஷாக்கிளும், கயிறு முறுக்கிக்கொள்ளாமல் தானே சுழலும் ஒரு சுவிவலும். கயிற்றில் 14 அடியிலும் 20 அடியிலும் சிவப்பு நூல் சுற்றி வைத்தேன். கரண்டி எங்கே இருக்கிறது என்று கை பார்த்தே சொல்லும்.

எடுக்கும் நாளில் காலையிலிருந்து யாரும் தண்ணீர் இறைக்க வேண்டாம் என்று எல்லா வீட்டிலும் சொல்லியாயிற்று. கலங்கல் அடங்க வேண்டும். உச்சி வெயில் வந்ததும் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை எடுத்து வெயிலைக் கிணற்றுக்குள் திருப்பினோம். கண்ணாடியைப் பிடித்தது முதல் வீட்டு ஆயா. டார்ச் வெளிச்சம் தண்ணீரின் மேலேயே பளிச்சென்று நின்றுவிடுகிறது. வெயிலோ தண்ணீரைத் துளைத்துக்கொண்டு அடி வரை போனது. வாளி தெரிந்தது, ஒருக்களித்துக் கிடந்தது, கைப்பிடி சுவர்ப் பக்கம். குடத்தின் தோள் மட்டும் மணலுக்கு மேலே மின்னியது.

சடசடவென்று கரண்டியை விடக் கூடாது. சிவப்பு நூல் வரை நிதானமாக இறக்கி, அடி தட்டியதும் இன்னும் இரண்டடிக் கயிறு தளர விட்டு, கிணற்றைச் சுற்றி நடந்துகொண்டே மெதுவாக இழுக்க வேண்டும். கயிற்றைப் பிடித்திருக்கும் கைக்கு எல்லாம் தெரியும். மணலில் போகும்போது நெறநெறவென்று வரும். உறையில் உரசினால் தடதடக்கும். உலோகத்தில் பட்டால் ஒரு சின்ன அதிர்வு, அப்புறம் கனம். கனம் ஏறியதும் நிறுத்தாமல், உலுக்காமல், ஒரே சீராக மேலே. நடுவில் கயிற்றைத் தளர விட்டால் திறந்த வாய்க் கொக்கி கழன்றுவிடும். தூண்டில் முள்ளின் சில்லு இங்கே கிடையாது என்பதை மறக்கக் கூடாது. தண்ணீருக்குள் இருக்கும்வரை வாளி இலேசாகத்தான் இருக்கும், மட்டத்தைத் தாண்டி வரும்போதுதான் உள்ளிருக்கும் தண்ணீரின் முழுப் பாரமும் கைக்கு வரும். அந்த இடத்தில் இன்னொருவரும் கயிற்றைப் பிடித்துக்கொள்வது நல்லது.

வாளியைப் பெரிய கொக்கி பிடித்துக்கொண்டு வந்தது, கைப்பிடியின் சரியாக நடுவில். குடம் எளிதில் வரவில்லை. மணலில் புதைந்ததை நேராக மேலே இழுத்தால் சேறு உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. சின்னக் கொக்கி விளிம்பில் மாட்டியதும் மேலே இழுக்காமல் எதிர்ப்பக்கச் சுவரை நோக்கிப் பக்கவாட்டில் இழுத்தோம். குடம் புரண்டது, சேறு விட்டது, அப்புறம் மேலே வந்தது. விளிம்பில் ஒரு சின்ன நசுங்கல் தவிர வேறு சேதம் இல்லை. கூடவே ஒரு பழைய ராட்டினமும் இரண்டு சொம்பும் வந்தன. எந்தக் காலத்தில் விழுந்தவையோ, யாரும் உரிமை கோரவில்லை.

கரண்டி இரவல் போவதைப் பற்றி ஆயா ஒரு வழக்கம் சொன்னார். பாதாளக் கரண்டியை வெறுங்கையோடு வருகிறவர்களுக்குக் கொடுக்க மாட்டார்களாம். ஒரு பாத்திரத்தையாவது ஈடாக வைத்துவிட்டுத்தான் வாங்கிப் போக வேண்டும். "அவங்க வாளி கெடச்சதும் கரண்டி ஞாபகம் போய்டும்பா. சொம்பு இங்க இருந்தா ஞாபகம் வரும்" என்றார். நாங்களும் அப்படியே வைத்துக்கொண்டோம். பக்கத்துத் தெருவில் கிணறு உள்ள வீடுகளுக்கும் சொல்லியிருக்கிறோம்.

பயன்படுத்தி முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. எங்கள் பக்கத்து உப்புக் காற்றில் ஈரத்தோடு விட்டால் இரண்டே நாளில் துரு பூத்துவிடும். இன்னொன்று, வளைக்க எடுத்த அந்த ஜி.ஐ. பைப் துண்டுகள் இரண்டையும் கரண்டியோடேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் பைப்பைக் கொக்கியின் வளைவில் வைத்துப் பார்க்க வேண்டும். பைப் அடிவரை ஒட்டி உட்கார்ந்தால் சரி. ஆடினால் வாய் விரிந்திருக்கிறது என்று அர்த்தம். ஒருமுறை விரிந்ததைச் சுத்தியால் தட்டி மறுபடி வளைக்கலாம். அதே கொக்கி மறுபடியும் விரிந்தால் வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒரு அடிக் கம்பியில் செய்துகொள்ள வேண்டும்.